தவக்காலத்துப் பீர்க்கங்காய்

பிப்ரவரி 24, திங்கள்

கண் டாக்டரிடம் போய் வந்தோம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மகன் லெஸ்லி அரைநாள் விடுப்புப் போட்டுக் கூட்டிப்போனான். புதுக் கண்ணாடிக்கு எழுதி வாங்கி வருவதுதான் என் நோக்கம். டாக்டர் எழுதித் தரவில்லை.

“புரை கொஞ்சம்தாம்மா இருக்கு, அது இல்ல பிரச்சினை. சர்க்கரை ஏறி ஏறி இறங்குது. அதுக்கேத்த மாதிரி கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸும் உப்புது, வடியுது. இன்னிக்குக் கண்ணாடி எழுதினா அடுத்த மாசம் அது வேற யாரோ கண்ணாடி மாதிரி இருக்கும். சர்க்கரைய ஒரு நிலைக்குக் கொண்டுவாங்க, அப்புறம் எழுதுறேன்.”

“எத்தனை நாளாகும்?”

“சாப்பாட்டப் பொறுத்தது. மாத்திரை ஒழுங்கா போடுறீங்க. தட்டுல என்ன போடுறீங்க?”

நான் வாய் திறப்பதற்குள் லெஸ்லி சொல்லிவிட்டான். “சோறு, மீன். மம்மிக்குக் காயின்னா கறிவேப்பிலைதான் டாக்டர்.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்திருக்க வேண்டியதில்லை.

இனி மதியமும் இரவும் தட்டில் பாதி காய்கறி இருக்க வேண்டுமாம். காயை முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம்தான் சோற்றைத் தொட வேண்டுமாம். மறுபடி ஏப்ரலில் வரச் சொன்னார்.

ஏப்ரல் பத்தொன்பதுக்குள் எனக்குக் கண் தெரிந்தாக வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய இரவில் நடக்கும் பாஸ்காத் திருவிழிப்பின் முதல் வாசகம், உலகம் படைக்கப்பட்ட வாசகம், எங்கள் பங்குக் கோவிலில் நான்தான் வாசிப்பேன். விளக்கெல்லாம் அணைந்து, கையில் மெழுகுவத்தியோடு எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது முதலில் எழுவது என் குரல். என் கணவர் ரொசாரியோ இறந்த வருடம்கூட அதை விடவில்லை. கிறிஸ்துமஸ் பூசையில் ஒரு வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பாதர் அமலன் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் நேற்று, “உங்களுக்குச் சிரமம்னா ஜாக்குலின் டீச்சர் தயாரா இருக்காங்கம்மா,” என்றார். ஜாக்குலின் டீச்சர் வாசித்தால் ரயில் நிலைய அறிவிப்புப் போலிருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத் திங்கட்கிழமை ஒத்திகை. அன்று என்னால் வாசிக்க முடிந்தால் வாசகம் எனக்கு, இல்லாவிட்டால் அவளுக்கு என்று முடிவாயிற்று. பெரிய எழுத்தில் அச்சடித்துத் தருவதாகவும் பாதர் சொன்னார். மறுத்துவிட்டேன். பீடத்தில் இருக்கும் புத்தகம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

“உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே மம்மி,” என்றான் லெஸ்லி, திரும்பும் வழியில். மனப்பாடம்தான். ஆனால் ஒப்பிப்பது வாசிப்பது ஆகாது. நான் படித்த கான்வென்டில், வாசிக்கும்போது புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கிற பெண்ணை மதர் பெனடிக்டா பாதியிலேயே உட்காரச் சொல்லிவிடுவார்.

பிப்ரவரி 26, புதன்

இந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு அடுப்புகள். கிழக்குச் சுவரோரம் இருப்பது என்னுடையது. பின்புற ஜன்னலடியில் ஒரு சின்ன அடுப்பும் அதற்கு மேல் ஒற்றை அலமாரியும் உண்டு. அவை மருமகள் கோமதியுடையவை. அவள் சங்கரன்கோவில் பக்கம், சைவக் குடும்பம். லெஸ்லியோடு கல்லூரியில் படித்தவள், பதிவுத் திருமணம். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வந்த நாளிலிருந்து தன் காயைத் தானே சமைத்துச் சாப்பிடுகிறாள். லெஸ்லி இரண்டு பக்கமும் சாப்பிடுவான். “மருமகளே, இன்னிக்கு என்ன புல்லு?” என்று ரொசாரியோ தினமும் கேட்பார். அவருக்கு நகைச்சுவை அதிகம்.

காய்கறி எனக்கொன்றும் புதிதில்லை. வருடா வருடம் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முழுவதும் மீனையும் கறியையும் விட்டுவிட்டுக் காய்தான் சாப்பிடுகிறேன். மீன் கறியாகாது என்பது ரொசாரியோவின் கட்சி, அதனால் அவருக்கு மீன் தனியாக வைத்துவிடுவேன். எனக்கு முட்டைக்கோஸ், பீன்ஸ், கான்வென்ட் விடுதியில் தந்ததைப் போல, உப்பில்லாத தண்ணீரில் வெந்தது. ருசிக்காது. ருசிக்கவும் கூடாது. அதற்குப் பெயர்தான் தவம்.

டாக்டர் சொல்வது தவக்காலத்தைக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்குவது, அவ்வளவுதான். அதற்கு எனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

பீன்ஸ் வேகவைத்துச் சாப்பிட்டேன். மாலையில் இனிப்புக்கு மக்ரூன் இரண்டு. மக்ரூன் என்பது முட்டையின் வெள்ளைக்கருவும் முந்திரியும்தான்.

மார்ச் 2, ஞாயிறு

தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு. ரொசாரியோவின் தங்கை பெர்பெத்துவா நண்டு கொண்டுவந்தாள். அவளுடைய பேச்சு அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும்.

“மைனி, புதன்கிழமைல இருந்து உங்களுக்குப் புல்லுதான. இன்னைக்கே ரொப்பிக்கிடுங்க.”

கோமதி ஜன்னலோரம் நின்று எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல். முட்டைக்கோஸ்.

மார்ச் 8, சனி

மதியம் கை நடுங்கிக் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். கோமதிக்கு இன்று விடுமுறை. சீனித் தண்ணீர் கரைத்து என் வாயருகே பிடித்தாள். நடுக்கம் நின்றதும் என் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“இதத்தான் நாலு நாளா சாப்பிடுதீகளா?”

“தவக்காலம்.”

“இப்படி வேக வச்சா மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும் அத்தே.”

அவள் மூடியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். நான் தினம் திங்கிறதத்தான நீங்க வருசத்துல ஒருக்கா தவம்னு திங்கீக. எங்க சாப்பாடு உங்களுக்குத் தண்டனையா?”

அப்போது குக்கர் விசிலடித்தது. அணைக்க எழுந்தேன். உட்காருங்க என்று சொல்லி அவளே அணைத்தாள்.

“தவக்காலம் உங்களுக்குத்தான், எனக்கு இல்லியே. நாளைல இருந்து நான் வைக்கதச் சாப்பிடுங்க. ருசியா இருந்தா அந்தப் பாவம் என் கணக்குல போகட்டும்.”

உடல்நிலையை முன்னிட்டு ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பீர்க்கங்காய்.

நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன். பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன். கோமதி தட்டு வைத்தாள். பாதித் தட்டில் பீர்க்கங்காய், பாசிப்பருப்போடு வெந்தது, மேலே கொஞ்சம் தேங்காயும் சீரகமும். கால்பங்கில் அவித்த சுண்டல். சோறு ஒரு கரண்டி, தாமதமாக வந்த விருந்தாளி போல ஓரத்தில். காயை முதலில் சாப்பிட வேண்டும் என்பதால் அதை எடுத்தேன்.

மென்மையாக இருந்தது, ஆனால் குழையவில்லை. கடித்ததும் உள்ளிருந்து தண்ணீர் வந்தது, அந்தத் தண்ணீரில் ஓர் இனிப்பு இருந்தது. சீனியின் இனிப்பு முன்னால் வந்து நிற்கும். இது ஒதுங்கி நின்று, நாம் பார்க்கிற வரைக்கும் காத்திருந்தது. வாயிலிருந்ததை விழுங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

“வெல்லம் போட்டியா?”

“இல்லியே.”

“என்னமோ போட்டிருக்கே.”

“பீர்க்கங்காய்தான் அத்தே.”

எழுபத்துமூன்று வயது எனக்கு. இந்தத் தூத்துக்குடியில் பிறந்து, இதே ஊரில் மணமுடித்து, அந்தக் காயைக் கூடை கூடையாகக் கடந்து போயிருக்கிறேன். அதற்குள் இது இருந்திருக்கிறது. நான் வாங்காவிட்டாலும், யாரும் பாராட்டாவிட்டாலும், ஒவ்வொரு காய்க்குள்ளும் இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

“தோலை என்ன செய்வாய்?”

“ராத்திரிக்குத் துவையல் அரைக்கேன்.”

இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். தவக்காலத்தில் அப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை.

மார்ச் 12, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. லெஸ்லியின் சட்டைகளை நாளைக்குத் துவைக்க வேண்டும்.

கோமதி காயை எங்கெல்லாம் கொண்டு சேர்க்கிறாள் என்று கவனிக்கிறேன். காலை அடையில் சுரைக்காய்த் துருவல். நான் சொன்னபிறகுதான் லெஸ்லிக்கே தெரிந்தது. சப்பாத்தி மாவில் முள்ளங்கி. மோரில் வெள்ளரி. லெஸ்லிக்கு நான் வைக்கிற மீன் குழம்பில்கூட, “ரெண்டு முருங்கக்காயும் ஒரு மாங்காயும் போடட்டா?” என்று கேட்டுவிட்டுப் போட்டாள். அவன் முருங்கைக்காயைத் தின்று சக்கையைக் குவித்தான், மீனில் ஒரு துண்டு மிஞ்சியது. இந்த வீட்டில் மீன் மிஞ்சி நான் பார்த்ததில்லை.

எனக்குச் சோறு குறைந்திருக்கிறது. அதை யாரும் பறித்ததாகத் தோன்றவில்லை. மற்றவை வந்து உட்கார்ந்ததில் அதற்கு இடம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

காலையில் கோமதியோடு காய்கறி மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் ஏலக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். இங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தரிக்காயிலேயே எத்தனை ஊதா. நான் புடலங்காயைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றதில் கடைக்காரர், “என்னம்மா, பாம்பா புடிச்சிருக்கீக, பைல போடுங்க,” என்றார்.

வீட்டுக்கு வந்து வாழைப்பூவைப் பிரிக்க உட்கார்ந்தேன். கருஞ்சிவப்பு மடலைத் தூக்கினால் அடியில் ஒரு வரிசைப் பூ. கோவிலில் முதல் நன்மை அப்பம் வாங்கப் போகிற பிள்ளைகள் மாதிரி நெருங்கி நின்றன, எல்லாம் ஒரே உயரம். அடுத்த மடலுக்கு அடியிலும் அப்படியே, கொஞ்சம் சின்னதாக. அதற்கு அடியிலும். உள்ளே போகப் போக வெளுத்துக்கொண்டே போய், கடைசியில் தந்தம் போல ஒரு மொட்டு, விரல் நுனியளவு. அதற்குள்ளும் வரிசைகள் இருக்கும் என்றாள் கோமதி. யாரும் பார்க்காத இடத்தில் இவ்வளவு ஒழுங்கு. நான் அலமாரி அடுக்குவதில் பெருமை கொண்டவள்.

வாழைத்தண்டு நறுக்குவது அடுத்த வேலை. ஒவ்வொரு வில்லையாக அரியும்போது நார் வரும், அதை ஆள்காட்டி விரலில் சுற்றி எடுத்துக்கொண்டே போக வேண்டும்.

“எனக்கு நார் தெரியல கோமதி.”

“கண்ண விடுங்க. விரல வச்சு ஒரு சுத்துச் சுத்துங்க, அதுவா வரும்.”

வந்தது. பார்க்க முடியாத ஒன்று விரலைச் சுற்றிக்கொண்டு கனமாகிக்கொண்டே வந்தது. முடிவில் அதைக் கழற்றி வைத்தபோது பஞ்சு மோதிரம் போலிருந்தது. அதுவும் மங்கலாகத்தான்.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் எழுத்து இரண்டாகத் தெரிகிறது. மத்தியானம் பரவாயில்லை. கோடு தாண்டி எழுதியிருந்தால் அதுதான் காரணம்.

மார்ச் 22, சனி

நேற்றுக் கோவிலில் சிலுவைப்பாதை, பதினாலு தலங்களிலும் நின்று செபிப்பது. ஆறாம் தலத்தில் முழங்காலிட்டிருக்கும்போது, கோமதி காலையில் சீனியவரைக்காய் நறுக்கி வைத்துவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. வேலையிலிருந்து வந்ததும் அதைத் தேங்காயும் மிளகாய் வற்றலும் போட்டு வதக்குவாள். பத்தாம் தலம் வரைக்கும் அதே நினைவு. என்னைப் பற்றி நானே அதிர்ந்துபோனேன்.

செய்த பாவத்தைப் பாதரிடம் சொல்ல, இன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

“பாதர், நான் தவக்காலத்தை ரசிக்கிறேன்.”

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. “எதையம்மா ரசிக்கிறீங்க?”

“சாப்பாட்டை. காய்கறியை. அது ஒறுத்தலாக இல்லை. மற்ற மாதங்களில் சாப்பிட்டதைவிட நன்றாகச் சாப்பிடுகிறேன். சிலுவைப்பாதையில் சீனியவரைக்காயை நினைத்தேன்.”

“யார் சமைக்கிறா?”

“மருமகள். அவள் நம் கோவில் இல்லை.”

“சர்க்கரைக்காக மருமக சமைச்சுத் தர்றதச் சாப்பிடுறதுல பாவம் இல்லம்மா. ஒறுத்தல்தான் வேணும்னா வேற ஏதாவது விடுங்களேன். வேற என்ன பிடிக்கும்?”

பொய் சொல்ல முடியாத இடம். “மக்ரூன்,” என்றேன்.

இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை. “சரி, அத விடுங்க. இன்னொண்ணு. சமைச்சவங்களுக்கு வாயத் திறந்து நன்றி சொல்லுங்க. அதுதான் பரிகாரம்.”

வழக்கமான பரிகாரமாக அருள் நிறைந்த மந்திரங்கள் எத்தனை சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன். கான்வென்டில் சாப்பாட்டைக் குறை சொல்லவும் கூடாது, புகழவும் கூடாது. அப்படியே பழகிவிட்டேன். இந்த வீட்டிலும் நான் சமைத்ததை யாரும் புகழ்ந்ததில்லை. ரொசாரியோ நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவார். பேசினால்தான் பயப்பட வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

கோமதி சேனைக்கிழங்கு மசியல் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், “உப்பு சரியா இருந்தது,” என்றேன்.

“சரித்தே,” என்றாள்.

இதைப் பரிகாரமாகக் கணக்கில் எடுக்க முடியாது.

மார்ச் 27, வியாழன்

மக்ரூன் இல்லை. பெர்பெத்துவா ஒரு டப்பா கொண்டுவந்தாள். அவளையே சாப்பிடச் சொன்னேன். தயங்கவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கோமதியின் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதிகாலையில் கிளம்பிப் போய்விட்டாள். பத்து நாளாவது ஆகுமாம். போகிற அவசரத்திலும் கீரையை ஆய்ந்து துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒத்திகைக்கு இரண்டு வாரம் இருக்கிறது.

“ஹோட்டல்ல வாங்கிக்கிடலாம் மம்மி,” என்றான் லெஸ்லி. அவனுக்கு ஹோட்டல் என்றால் பரோட்டா.

நானே சமைப்பதென்று முடிவு செய்தேன். என் சட்டிகளில் எத்தனை வருடத்து மீன் ஊறியிருக்கிறது. எந்தக் காயைப் போட்டாலும் குழம்பு வாடை. அவளுடைய அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். அந்தப் பாத்திரங்களை நான் தொட்டதில்லை. அவள் ஆசாரம் பார்க்கிறவள் என்பதால் மரியாதைக்கு ஒதுங்கியே இருந்துவிட்டேன். கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை என்று போன் செய்தேன்.

“உன் வாணலியை எடுத்துக்கிடட்டுமா? மீன் பட்ட கை. கழுவிட்டுத்தான் எடுப்பேன்.”

“எடுங்க அத்தே. இதுக்கா போன் போட்டீக?”

“உனக்கு ஆசாரம் இருக்குமேன்னு.”

“எனக்கென்ன ஆசாரம். நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கு உங்க சட்டியிலதான் ரசம் வச்சேன். மறுநாள் மாமாதான் ஆசாரிய வரச்சொல்லி அந்த அலமாரிய அடிச்சாக. புல்லுக்குத் தனி இடம்னு சொன்னாக.” பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். “வாணலில அடி கனம், தீயக் கொறச்சு வைங்க,” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் ரொசாரியோ அடித்திருப்பார். அவர் எல்லாருக்கும் வசதி பார்ப்பவர்.

கீரை சுமாராக வந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

கூட்டாஞ்சோறு. கோமதி அவள் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து போனிலேயே சொன்னாள். அரிசியும் பருப்பும் கொஞ்சம்தான். கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், முருங்கைக்காய், மாங்காய் எல்லாம் நிறைய. தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்து விட்டு, இறக்கும் நேரத்தில் முருங்கைக்கீரை. “கீரை வாடுற வாசன வரும், அப்போ அணைங்க.” அந்த வாசனை எப்படி இருக்கும் என்று கேட்டேன். “வந்தா தெரியும்,” என்றாள்.

வந்தது, தெரிந்தது. மண்ணில் தண்ணீர் விழுந்ததும் எழுமே, அதற்கு அண்ணன் தம்பி.

இத்தனையும் ஒரே பானையில் வெந்து எதுவும் தன் ருசியை விட்டுக்கொடுக்கவில்லை. மாங்காய் மாங்காயாகவே இருக்கிறது. இதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. லெஸ்லி பானையை வழித்துவிட்டு, “மம்மி, கோமதி வச்ச மாதிரியே இருக்கு,” என்றான். ஒரு நிமிடம் அவளாக இருந்து அதைக் கேட்டுப் பார்த்தேன். இனிமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியத்துக்கு வாழைத்தண்டு. ஜன்னலோரம், கோமதியின் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அரிந்தேன். ஒரு வில்லையை அரிந்து தூக்கினேன். அதற்கும் தண்டுக்கும் நடுவே வெயிலில் ஏதோ மின்னியது.

நார்.

ஒன்றில்லை. பத்துப் பதினைந்து. ஒவ்வொன்றும் சிலந்தி நூலைவிட மெல்லியது, ஈரத்தில் வெள்ளி போலிருந்தது. வில்லையை உயர்த்தினால் நீண்டது, தாழ்த்தினால் தொய்ந்தது. விரலை வைத்துச் சுற்றினேன், கண்ணால் பார்த்தபடியே. இரண்டு நூல் அறுந்து காற்றில் ஆடின, அந்த ஆட்டமும் தெரிந்தது.

முழுத் தண்டும் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகுதான் தலை தூக்கிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் விலாசத்தை, பழைய கண்ணாடியோடு, இருந்த இடத்திலிருந்தே வாசித்தேன்.

லெஸ்லி வந்து, “ஏன் மம்மி அழுறீங்க?” என்றான். வெங்காயம் என்றேன். வாழைத்தண்டுப் பொரியலுக்கு நான் வெங்காயம் போடுவதில்லை. அவன் அதையெல்லாம் கவனிப்பவனில்லை.

ஏப்ரல் 9, புதன்

டாக்டர் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். சர்க்கரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, “மாத்திரைய மாத்தினீங்களா?” என்றார். “மருமகளை மாற்றினேன்,” என்று லெஸ்லி என் குரலில் சொல்லிப் பார்த்தான். முறைத்தேன். மாறியது யார் என்பது அவனுக்குத் தெரியாது.

மாலையில் கோமதி வந்துவிட்டாள். அவள் அப்பா வாக்கர் பிடித்து நடக்கிறாராம். மெலிந்திருந்தாள். வந்ததும் தன் அலமாரியைப் பார்த்தாள். பாத்திரங்கள் வேறு வரிசையில் இருந்தன. சிறியது முன்னால், பெரியது பின்னால்.

“நீங்க அடுக்கினீகளா?”

“அதுதான் சரியான முறை.”

அப்படியே விட்டுவிட்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். கோமதி வேப்பம்பூப் பச்சடி செய்தாள். கசப்பையும் வெல்லத்தையும் மாங்காய்ப் புளிப்பையும் ஒரே கரண்டியில் வைத்தாள். தினமும் ஒன்று புதிதாக இருக்கிறது, முடிவதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் ஒத்திகை. புதுக் கண்ணாடி சனிக்கிழமையே வந்துவிட்டது. பீடத்திலிருந்த புத்தகத்தைப் பாதர் திறந்தார். எழுத்துகள் பக்கத்தில் தங்கள் தங்கள் இடத்தில் நின்றன, வாழைப்பூ வரிசை மாதிரி. பாதியில் பாதர் கையைத் தூக்கி, “போதும்மா,” என்றார். நான் முழுவதும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

ஜாக்குலின் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு நிம்மதிங்க. அந்த இருட்டுல முதல்ல வாசிக்க எனக்குப் பயம்,” என்றாள். அவள் குரலை நான் கொஞ்சம் கடுமையாக மதிப்பிட்டிருக்கலாம்.

வீட்டில் சொன்னபோது கோமதி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “நான் கேக்க வரலாமா அத்தே?”

“கோவில் எல்லாருக்கும் உரியது. இத்தனை வருஷமா ஏன் வரல?”

“யாரும் கூப்பிடல,” என்றாள், குழாயை மூடிக்கொண்டே.

“வா,” என்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. கோமதியும் கஞ்சியே குடித்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு

நேற்று மாலையை இன்று எழுதுகிறேன்.

வயதானவர்களுக்காகப் பாதர் விழிப்பை ஏழரைக்கே வைத்துவிட்டார். விளக்குகள் அணைந்தன. மெழுகுவத்திகள் ஒன்றிலிருந்து ஒன்றாக ஏறி வந்தன. லெஸ்லியும் கோமதியும் தூணோரத்தில். கோமதி சுடரைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தாள், அடுப்பைக் காற்றிலிருந்து காப்பது போல.

வாசித்தேன். ஒளி வந்தது, வானம் பிரிந்தது. மூன்றாம் நாளில் பூமி பச்சையை முளைப்பிக்கும் இடம் வந்தபோது எனக்குக் காட்சியாகவே தெரிந்தது. இதுவரை அந்த வரியில் எனக்குப் புல்வெளி மட்டும்தான் தெரியும், கான்வென்டின் முன்னால் இருந்ததைப் போல. நேற்றுப் பீர்க்கங்கொடி பற்றி ஏறியது. அவரைப் பந்தல் பூத்தது. வாழை தன் மடல்களுக்குள் வரிசைகளை அடுக்கிக்கொண்டு, பார்க்க யாரும் இல்லாத உலகத்தில் குலை தள்ளியது. ஐந்தாம் நாளில் கடலில் மீன்கள். ஆறாம் நாளில் மனிதர்கள்.

அவர்களைப் படைத்த கையோடு அவர்களுக்குச் சாப்பாடு சொல்லப்படுகிறது. விதை தரும் செடிகளும் கனி தரும் மரங்களும். இத்தனை வருடமாக என் வாயால் வாசித்த வரி. அங்கே நின்றுவிட்டேன். கடலில் மீன் நீந்திக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் தட்டுக்கு வரவில்லை. தோட்டத்தில் யாரும் இன்னும் ஒரு தவறும் செய்யவில்லை. பாம்பு வரவில்லை. எதற்கும் தண்டனை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. அதற்கு முன்னால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லப்படுகிற அந்த மாலையில், முதல் முதலாகப் பரிமாறப்பட்ட சாப்பாடு அது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முன்வரிசையில் ஜாக்குலின் டீச்சர் பாதி எழுந்துவிட்டாள், வரி தவறிவிட்டது என்று நினைத்து. வரி தவறவில்லை. அந்த வரியில்தான் இருந்தேன். அவளைப் பார்த்து உட்காரச் சொல்லித் தலையசைத்துவிட்டு மிச்சத்தை வாசித்து முடித்தேன். புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தது அந்த ஒருமுறைதான். மதர் பெனடிக்டா மன்னிக்கட்டும்.

இன்று மதியம் வழக்கப்படி ஈஸ்டர் விருந்து. காலையில் நான் ஆட்டுக்கறி சமைத்தேன். ஜன்னலோரம் கோமதி சமைத்தாள். பெர்பெத்துவா வந்து மேசையின் தலைப்பக்க நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கறியைக் கொண்டுவருவதற்கு முன்னால் நான் கோமதியின் வாணலியைத் தூக்கி வந்து மேசையின் நடுவே வைத்தேன். அந்த இடத்தில் எப்போதும் கறிச்சட்டிதான் இருக்கும். என் தட்டை நீட்டினேன். பாதித் தட்டுக்குக் காய் வைத்தாள்.

பெர்பெத்துவா எட்டிப் பார்த்தாள். “என்ன மைனி, ஈஸ்டர் அன்னைக்கும் புல்லா? தண்டனைதான் நேத்தோட முடிஞ்சிட்டே.”

“இது தண்டனை இல்ல பெர்பெத்துவா. தண்டனைன்னு ஒண்ணு வாறதுக்கு முந்தியே மனுசனுக்குக் கொடுத்த சாப்பாடு. நேத்து வாசிச்சேனே, நீ கேக்கலியா?”

“நான் மெழுகுவத்தி சேலைல ஒழுகாம பாத்துக்கிட்டிருந்தேன்,” என்றாள்.

கோமதியின் கரண்டி தட்டுக்கு மேலே அப்படியே நின்றது. நான் அவள் பக்கம் திரும்பினேன். பாதர் சொன்ன பரிகாரம் இன்னும் பாக்கி இருந்தது.

“ரொம்ப நல்லாயிருக்கு கோமதி. இவ்வளவு நாளும் நல்லாயிருந்தது. நன்றிம்மா. இன்னும் கொஞ்சம் வை.”

லெஸ்லி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கோமதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை நிறைய எடுத்தாள்.

“பீர்க்கங்காய்தான் அத்தே,” என்றாள்.

ஆட்டுக்கறி மிஞ்சிவிட்டது. வாணலியில் ஒன்றும் மிஞ்சவில்லை.